வீட்டாளுக்குச் செஞ்சா சேர்த்தியில்ல

விடுங்க தம்பி, மூட்டையை விடுங்க. விடுங்கன்னு சொல்றனில்லீங்க? ஒரு கையில மாவுக்கட்டோட நிக்கற மனுஷன், அரை மூட்டை பருத்திக்கொட்டையைத் தூக்கிட்டு பஸ் ஏறுவாரு, நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பனா? இந்தா, சீட்டுக்கடியில தள்ளியாச்சு. ஏனுங்க பெரியவரே, கொஞ்சம் எந்திரிச்சுப் பின்னால போங்க. கை முறிஞ்ச ஆளு நிக்கறாரு, கண்ணு தெரியலீங்களா? முறைக்கறாரு பாருங்க. முறைச்சுட்டுப் போகட்டும். நீங்க சன்னலோரமா உக்காருங்க தம்பி.

என்னது, கடலையா? நல்லாத்தான் வறுத்திருக்கறான். அடடா! பாருங்க, பேச்சுவாக்குல நாலு பருப்பை வாயில போட்டுட்டேன். போச்சு. மூட்டை தூக்கினது, இடம் புடிச்சுக் குடுத்தது, அத்தனையும் வீண். கைம்மாறு வாங்கிட்டா அது சேர்த்தியில்லீங்க. இனி துப்பினாலும் சேர்த்தியில்ல. உங்க மேல தப்பு சொல்லல, நீங்க பிரியமாத்தான் நீட்டினீங்க. எனக்குத்தான் புத்தி எங்கியோ மேயப் போயிருச்சு.

சிரிக்காதீங்க. இந்தத் துண்டு முனையைப் பாருங்க. முடிச்சு தெரியுதுங்களா? வண்டி திண்டுக்கல் போறதுக்குள்ள இது அவுந்தாகணும். பன்னெண்டு மணிக்கு முன்னால நான் என் மச்சினன் வீட்டு வாசல்ல நிக்கணும், நிக்கும்போது துண்டுல முடிச்சு இருக்கக் கூடாது. அப்படிப் போனா என் சம்சாரம் கமலவேணி என்கூடக் கெளம்பி வந்துருவா. போகாட்டி, பன்னெண்டரைக்கு அவளைக் கார்ல ஏத்திக் கொண்டு போயி முதியோர் இல்லத்துல சேத்துப்போடுவாங்க. கையெழுத்தும் போட்டு வெச்சிருக்கறாளாம். இப்ப மணி பத்து. ரெண்டு மணி நேரம் இருக்குது, நீங்களும் பக்கத்துல இருக்கறீங்க. பாத்துக்கலாம்.

என் பேரு பொன்னுரங்கம். சாரணர் பொன்னுரங்கம்னு கரூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பஸ் பாடி கட்டற கம்பெனியில டைம் கீப்பரா இருந்தேன், ரிட்டையராகி ரெண்டு வருஷமாச்சு. இந்த வண்டி பாடியே எங்க கம்பெனியில கட்டினதுதான். தட்டிப் பாருங்க, சத்தமே சொல்லும். அட, அந்தக் கையில தட்டாதீங்க!

ஆறாவது படிக்கறப்ப சாரணர் படையில சேந்தேன். காக்கி டவுசரு, கழுத்துல ஸ்கார்ஃப், இடுப்புல விசிலு. சாரண வாத்தியாரு முத நாளே சொன்னாரு. சீமையில அந்தக் காலத்துல குதிரை வீரங்கன்னு இருந்தாங்களாம். இரும்புச் சட்டையும் ஈட்டியுமா ஊர் ஊராப் போயி, எவனுக்கு இக்கட்டோ அவனுக்கு ஒத்தாசை பண்ணிட்டுத்தான் மறுவேலை பாப்பாங்களாம். பொய் சொல்ல மாட்டாங்க. வாக்கு மாற மாட்டாங்க. ஒரு பொம்பளைக்குக் கஷ்டம்னா உசுரைக் குடுப்பாங்க. நாம அவங்க வழியில வந்தவங்க, தினம் ஒரு நற்செயல் செஞ்சாகணும்னாரு. காலையில ஸ்கார்ஃப் முனையில முடிச்சு. நற்செயல் முடிஞ்சாத்தான் அவுக்கணும்.

மறுநாளு நான் எந்திரிச்சு, எங்கம்மாவுக்கு நாலு கொடம் தண்ணி சேந்திக் குடுத்தேன் சார்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. “டேய், அது உன் கடமைடா. வீட்டாளுக்குச் செஞ்சா சேர்த்தியில்ல”ன்னாரு. முப்பத்திரண்டு பசங்களும் சிரிச்சானுங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. அன்னைக்குப் புடிச்சதுதாங்க. மத்தவனெல்லாம் பத்தாவதோட விசிலைத் தூக்கிப் பரண்ல போட்டான். நான் விடல. ஸ்கார்ஃப் கிழிஞ்சதும் துண்டுக்கு மாறினேன், அவ்வளவுதான் வித்தியாசம். நாப்பத்தொம்பது வருஷமாச்சு, முடிச்சு அவுக்காம ஒரு வேளை ராச்சோறு தின்னதில்ல.

கல்யாணத்தன்னைக்குக் கூடத் தப்பலீங்க! பட்டு வேட்டி அங்கவஸ்திரத்துல முடிச்சு. முகூர்த்தம் ஒம்பது மணிக்கு, எட்டேகால் வரைக்கும் ஒருத்தனும் சிக்கல. மண்டபத்துக்கு வெளிய வந்தா, சேத்துல ஒரு செங்கல் லாரி சிக்கிக் கெடக்குது. எறங்கித் தள்ளினேன். முட்டி வரைக்கும் சேத்தோட மணவறையில வந்து உக்காந்தேன். மாமனாரு தாம்தூம்னு குதிக்கறாரு. கமலவேணி மாலைக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்கிட்டுச் சிரிக்கறா. எனக்குத் தோதானவதான்னு அப்பவே எனக்குப் பட்டுது.

தோதாத்தான் இருந்தா, குத்தம் சொல்லக் கூடாது. சாயங்காலம் முடிச்சோட வீட்டுக்கு வந்தன்னா அவளே யாரையாச்சும் தேடிக் குடுப்பா. “எதுத்த வீட்டு அக்கா சிலிண்டரைத் தூக்க முடியாம நிக்குது, போங்க”ம்பா. எங்களுக்குக் கொழந்தை இல்ல. அவளுக்கு நான், எனக்கு அவ. வீட்டுச் சிலிண்டரை அவளே உருட்டிக்குவா.

உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க. கையைத் தொங்கவிட்டிருக்கற இந்தத் தூளி கட்டியிருக்கறதே தப்பு தம்பி. முடிச்சு கழுத்தெலும்பு மேல உறுத்திட்டு இருக்குது. எவன் கட்டினான்? கட்டுப் போடறதுல எனக்கு ஜில்லாவுலயே முதல் பரிசு தெரியுங்களா? கலெக்டர் கையால குடுத்தாங்க. பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம். இப்படி அவுத்து, இப்படி மடிச்சு... ஐயோ! சரி சரி, கத்தாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க பாருங்க. விட்டுட்டேன், தொடலீங்க. ஆனா இதுவும் போச்சு. கத்த வெச்சுட்டு அதை நற்செயல்னு சொல்ல முடியுங்களா?

எங்க விட்டேன்? ஆமா, காலு. போன ஆடியில அவளுக்குச் செருப்புக் கடிச்சுது. சர்க்கரை உடம்பு, பன்னெண்டு வருஷமா மாத்திரை. சர்க்கரைக்காரங்களுக்கு உள்ளங்கால்ல வலி தெரியாதாமே. “ஏனுங்க, அடிக்கால்ல என்னமோ பிசுபிசுங்குது, பாருங்களேன்”னு காலைத் தூக்கிக் காட்டினா. நான் அப்பத்தான் முடிச்சுப் போட்டுட்டு வாசப்படி எறங்கறேன். போயிட்டு வந்து பாக்கறேன் புள்ளன்னேன். வந்தா ஒரே அலுப்பு. நாளைக்குன்னேன். இப்படி ஒரு நாலஞ்சு நாளு போயிருக்கும். இருங்க, பொய் சொல்லக் கூடாது, ஒரு பதினஞ்சு நாளு போயிருக்கும்.

அவ கெட்டிக்காரிங்க. பொட்டு வெக்கிற கண்ணாடியைத் தரையில போட்டு, அதுக்கு மேல காலைத் தூக்கிப் புடிச்சு, குனிய முடியாமக் குனிஞ்சு, தானே மருந்து வெச்சுக்குவா. பஞ்சு ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும். பாத்தா எனக்குச் சிரிப்பாணியா வரும். என்ன புள்ள இப்படிக் கட்டறே, ரெண்டாம் சுத்துல எதிர்ப்பக்கமாத் திருப்போணும்னு திருத்திச் சொல்லுவேன். “நீங்கதான் ஒரு நாளைக்குக் கட்டி உடுங்களேன்”ம்பா. நான் மாட்டேன்னு சொன்னதே இல்ல தம்பி. முடிச்சை அவுத்துட்டு வந்து கட்டறேன்னுதான் சொல்லுவேன்.

அப்பறம் டாக்டரு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டுப் பிரிச்சுக் கட்டணும்னுட்டாரு. நானும் தினம் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். ரிட்டையரானதுல இருந்து நமக்கு அங்கதான் சேவை. கூட்டத்துல எவனாச்சும் சிக்குவான். சீட்டு எழுதிக் குடுப்பேன், வழி காட்டுவேன், சக்கர நாற்காலி தள்ளுவேன். துண்டுக்காரரு வந்துட்டாருன்னு நர்சம்மாவெல்லாம் சிரிக்கும்.

அவளை நான் வண்டியில கூட்டிட்டுப் போலாம்தான். ஆனா அவளுக்கு ஒம்பதரைக்கு, நான் ஏழரைக்கே போனாத்தான் ஆளு கெடைக்கும். அதனால டவுன் பஸ்ல வந்துருவா. ஒரு நாளு பாருங்க, நான் ஒரு கெழவரை நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டு வர்றேன். எதுக்கால செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வர்றா. நாலடிக்கு ஒருக்கா நின்னு மூச்சு வாங்கறா. என்னைப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் வெளிச்சம். “ஏனுங்க, அவரை எறக்கி உட்டுட்டு வர்றப்ப என்னையும் கொஞ்சம் உக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போறீங்களா? கட்டுப் போடற ரூமு அந்தக் கோடியில இருக்குது”ன்னா. நாலு பேரு பாத்துட்டு இருக்கறாங்க. பொண்டாட்டின்னதும் நாற்காலியைத் தூக்கிக் குடுத்துட்டா நாளைக்கு நம்ம சேவைக்கு என்ன மரியாதை? இதெல்லாம் ஆருமில்லாதவங்களுக்கு, உனக்குத்தான் நான் இருக்கறனில்லன்னு சொன்னேன்.

 என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் செவுத்தைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா. பொறுமைசாலி, அதுல சந்தேகமில்ல.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? வெயில் அடிக்குதுங்களா? சன்னலைச் சாத்தட்டுமா? நீங்களே சாத்திட்டீங்க. அடுத்தவனுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கணும்னு இந்தக் காலத்துல எவனுக்கும் தோணறதில்ல.

ஐப்பசியில மழை புடிச்சுது. ஒரு நாளு காலையில அவ எந்திரிக்கவே இல்ல. நெத்தி அனலாக் கொதிக்குது. வீடெல்லாம் ஒரு வாடை. துணியை வெலக்கிப் பாத்தேன், ரெண்டு வெரலு கறுத்துப் போயி, கணுக்கால் வரைக்கும் வீங்கிக் கெடக்குது. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு, நானும் மனுஷன்தானே! நற்செயலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மொதல்ல இவளைக் கொண்டு போவோம்னு மொபட்டுல ஏத்தினேன். அவ என் முதுகுல சாஞ்சுக்கிட்டா. “ஏனுங்க, முடிச்சு இருக்குதே”ன்னா. இருந்துட்டுப் போகட்டும் புள்ளன்னேன். சத்தியமாச் சொல்றேன், அப்படித்தான் சொன்னேன். சட்டையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அப்பிடி அவ என்னைப் புடிச்சே வருஷக்கணக்காயிருச்சு. எனக்குக்கூடக் கண்ணு கலங்கிப் போச்சு.

ஆத்துப் பாலம் தாண்டறோம். ஒருத்தன் சைக்கிள்ல சின்ன வெங்காயம் ரெண்டு மூட்டை போட்டுக்கிட்டுப் போறான். மூட்டை பிரிஞ்சு போச்சு. ரோடு முழுக்க வெங்காயம். லாரி வருது, பஸ்ஸு வருது, அவன் தலையில கையை வெச்சுக்கிட்டு நிக்கறான். ஒருத்தன் நிக்கல தம்பி. எத்தனை வண்டி போச்சு, ஒருத்தன் நிக்கல. நானும் போயிருந்தா அப்பறம் எனக்கும் அவனுகளுக்கும் என்ன வித்தியாசம்?

ஓரமா ஒரு சிமெண்டுத் திட்டு இருந்துது. அவளை எறக்கி உக்கார வெச்சேன். அஞ்சே நிமிஷம் புள்ளன்னேன். “வேண்டாமுங்க”ன்னா. “என்னைக் கொண்டு போயி உட்டுட்டு வந்து பொறுக்குங்க. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க”ன்னா. அதுக்குள்ள வெங்காயம் நசுங்கிப் போயிராதா? எனக்கு அவ சொன்னது கொஞ்சம் சுயநலமாத்தான் பட்டுது. காய்ச்சல்ல சொல்றான்னு விட்டுட்டேன்.

எல்லாத்தையும் பொறுக்கினோம். நம்ம முடிச்சு ஒண்ணு போட்டு மூட்டையைக் கட்டினேன் பாருங்க, யானை இழுத்தாலும் பிரியாது. ஆனா சைக்கிள் டயரு வெடிச்சுப் போச்சு. அரைவேலையில விட்டா நற்செயலாகுமா? மூட்டையும் அவனுமா மொபட்டுல ரெண்டு நடை போயிச் சந்தையில எறக்கினேன். அவன் குடும்பத்தைப் பத்தியெல்லாம் சொன்னான், பாவம். முடிச்சை அவுத்து உதறிப்போட்டுத் திரும்பி வர்றேன், திட்டுல ஆளைக் காணோம். கீழ செருப்பு ஒண்ணு மட்டும் மழையில நனைஞ்சுட்டுக் கெடக்குது.

எவ்வளவு நேரம்னா? அதான் சொன்னனே, கொஞ்ச நேரம். ஒண்ணே முக்கால் மணி நேரம். சரியாச் சொன்னா ரெண்டு.

அவ மயங்கிச் சாஞ்சுட்டாளாம். மரத்தூள் ஏத்திக்கிட்டுப் போன ஒரு டெம்போக்காரன் வண்டியை நிறுத்தி, தூக்கிப் பக்கத்துல உக்கார வெச்சு, ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேத்து, நான் போற வரைக்கும் கூடவே நின்னிருக்கறான். முன்ன பின்ன தெரியாதவன். எனக்கு அவனைப் பாத்ததும் உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு! சாரண முறைப்படி இடது கையை நீட்டினேன். அவன் குடுக்கல. “நீங்கதான் புருஷனா?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். அவனுக்கு அன்னைக்கு எம்மாம் பெரிய நற்செயல் பாருங்க. என் வீட்டாளால ஒருத்தனுக்கு அது கெடைச்சுது.

காலை எடுத்துட்டாங்க. முட்டிக்கு மேல. ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தா கணுக்காலோட போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாங்க. மச்சினன் திருவேங்கடம் திண்டுக்கல்ல இருந்து ஓடியாந்தான். ஆஸ்பத்திரி வராண்டாவுல வெச்சு என் துண்டைப் புடிச்சு இழுத்து, மச்சான்னு கூடப் பாக்காமக் கண்டபடி பேசினான். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஆத்திரத்துல இருக்கறவன்கிட்ட மரியாதையா நடந்துக்கணும், அதுவும் விதிதான். அன்னைக்கு முடிச்சு அவுந்திருந்துது, அதனால கேன்டீன்ல ரெண்டு பரோட்டா தின்னுட்டு வந்து உக்காந்தேன்.

மறுநாளு அவளுக்கு நெனவு வந்துது. போர்வையைத் தொட்டுப் பாத்தா. அழுவான்னு நெனச்சேன், அழல. என்னைப் பாத்து, “வெங்காயமெல்லாம் கெடச்சுதுங்களா?”ன்னா. அந்த நெலமையிலயும் அடுத்தவன் வெங்காயத்தைப் பத்திக் கேக்கறா பாருங்க! முப்பத்தி மூணு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவளாச்சே. எல்லாம் கெடச்சுது புள்ள, ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டோம்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டா. அன்னையில இருந்து நேத்து வரைக்கும் நாலு மாசமா என்கூட ஒரு வார்த்தை பேசல.

திருவேங்கடம் ஆஸ்பத்திரியில இருந்தே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். நான் ஒத்தையாக் கெடக்கறேன். சொல்றதுக்கென்ன வெக்கம், சோறு எறங்க மாட்டேங்குதுங்க. வீட்டுக்குள்ள போனா அந்தக் கண்ணாடி தரையிலயே கெடக்குது, எடுத்து மாட்டக் கை வரல. கதவைத் தெறந்தா “முடிச்சு அவுந்துச்சுங்களா?”ன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? முடிச்சு அவுந்து வந்து ஆருகிட்டச் சொல்றது? செவுத்துக்கிட்டயா?

நேத்து மத்தியானம் அவளே போன் பண்ணினா. நாலு மாசத்துக்கப்பறம் அந்தக் கொரலு.  “தம்பி பொண்டாட்டிக்கும் நான் பாரம். இல்லத்துல எடம் கெடச்சிருக்குது. நாளைக்குப் பன்னெண்டரைக்குப் போறேன். அங்க போயிட்டா உங்களைப் பாக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன். ஒரே ஒரு தடவை கேக்கறேன், பன்னெண்டு மணிக்குள்ள வாங்க. ஒரே ஒரு நாளைக்கு முடிச்சுப் போடாம வாங்க. வந்தீங்கன்னா உங்களோட வந்தர்றேன்”ன்னா.

நான் துண்டு முனையைத் தடவிக்கிட்டிருந்தேன். அவளே மறுபடியும் சொன்னா. “முடிச்சுப் போடாம வர முடியாதுன்னா, என்னை ஆரோன்னு நெனச்சுக்கிட்டு வாங்க. முன்ன பின்ன தெரியாத பொம்பளை ஒருத்தி, திண்டுக்கல்ல ஒத்தைக் காலோட வழியில்லாம உக்காந்திருக்கறா. அவளுக்கு ஒத்தாசை பண்ணப் போறேன்னு நெனச்சுக்கிட்டு வாங்க. அப்பச் சேர்த்திதானுங்களே?”

நானும் உக்காந்து யோசிச்சேன் தம்பி. நல்ல வழியாத்தான் பட்டுது. ஆனா சாரணன் பொய் சொல்லக் கூடாதே! தாலி கட்டின பொண்டாட்டியை ஆரோன்னு எப்படி நெனக்கறது? அது அவளுக்கே அவமானமில்லீங்களா? அது முடியாது புள்ள, நீ என் வீட்டாளுன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். போனை வெச்சுட்டா.

காலையில முடிச்சு போடாமக் கெளம்பிரலாம்னுதான் துண்டை எடுத்தேன். கை தானாப் போட்டுருச்சு. நாப்பத்தொம்பது வருஷத்துக் கையி, அது எப்படிக் கேக்கும்? சரி, போற வழியில ஒண்ணு செஞ்சு அவுத்துட்டா, வெறுந்துண்டோட போயி நிக்கலாம், பொய்யும் இல்லைன்னு நெனச்சேன். கரூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் சிக்கல. என்னைக் கண்டாலே பையை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு ஒதுங்கறாங்க. ஒரு கெழவி, ரயில்வே கேட்டு மூடறதுக்குள்ள தாண்டற மாதிரி ஓடுது! அப்பத்தான் நீங்க மாவுக்கட்டும் மூட்டையுமா வந்தீங்க. கடவுள் அனுப்பின மாதிரி இருந்துது.

என்ன, எந்திரிக்கறீங்க? அதுக்குள்ள உங்க ஊருக்குப் பாதை பிரியற விலக்கு வந்துருச்சா? மணி என்ன, பத்து அம்பது. விலக்குல இருந்து உங்க ஊரு எவ்வளவு தூரம்? ரெண்டு கிலோமீட்டரா? தோட்டத்து வழியா? இந்த மூட்டையோட ரெண்டு கிலோமீட்டரு! ஆரோ வண்டி கொண்டாருவாங்களா? வருவாங்கன்னு என்ன நிச்சயம்? நகருங்க, நகருங்க, மூட்டை வருது. கண்டக்டர், இருங்க, ரெண்டு பேரு எறங்கறோம்.

ஆமாங்க, எனக்கு டிக்கெட் திண்டுக்கல்லுக்குத்தான். அடுத்த வண்டி எப்ப இங்க நிக்கும்? பதினொண்ணே முக்காலுக்கா? அதுல போனா திண்டுக்கல் போயிச் சேர மணி பன்னெண்டரை தாண்டிரும். தாண்டினாத் தாண்டிட்டுப் போகுது. முடிச்சோட போயி நின்னா மட்டும் வந்தர்றாளாக்கும்? ரைட், ரைட், வண்டி போகட்டும். கையை ஆட்டாதீங்க கண்டக்டர், ஒண்ணும் மறந்து வெக்கல.

இவரு ஆரு, பைக்கோட நிக்கறாரு? உங்க தம்பியா? கூடப் பொறந்தவரா? வணக்கமுங்க. மூட்டையில கை வெக்காதீங்க. கை வெக்காதீங்கன்னு சொல்றனில்ல? நீங்க தூக்கினாச் சேர்த்தியில்லீங்க, நீங்க வீட்டாளு. நான் தூக்கினாத்தான். வேணும்னா பைக்கை உருட்டிக்கிட்டுக் கூட வாங்க. அண்ணனைப் பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா? போங்க, நான் பின்னால வர்றேன். இந்தக் கொட்டை எந்த மாட்டுத் தொழுவத்துக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும். இல்ல, கோவமெல்லாம் எதுக்கு? நீங்க என்ன சொன்னாலும் மூட்டையைத் தர மாட்டேன். கிட்ட வந்தா ஓடிருவேன்.

பாருங்க, தோள்ல ஏத்திட்டேன். கனமே இல்ல. வயசு அறுபதுன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா?

மாவுக்கட்டுத் தம்பி, என் சட்டைப் பையில போன் அடிக்குது. ரெண்டு கையும் மூட்டையில இருக்குது, கொஞ்சம் எடுத்துப் பாருங்க. ஆரு பேரு வருது? கமலவேணியா? எடுக்காதீங்க, எடுக்காதீங்க. மறுபடியும் பையிலயே போடுங்க. அடிக்கட்டும். வீட்டாளுதானே, அப்பறம் பேசிக்கலாம். நீங்க வழியைக் காட்டுங்க.